தேடுபொறி இலவசம்தான்... அதன் முகப்பை எப்படித் தேர்வு செய்வது? கொல்கத்தா நூலகங்களை வைத்து ஒரு விளக்கம்

நூறு ஆண்டுப் பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து சர்வரில் ஏற்றியாச்சு. ஆனால் வாசகர் தேடினால் கிடைக்கவில்லை. அப்போ அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாத மாதிரிதானே? தேடுபொறியை மட்டும் குறை சொல்ல முடியாது. நீங்கள் கண்ணால் பார்க்கும் தேடல் பக்கம், அதாவது 'முகப்பு', அதற்கும் இதில் பங்கு உண்டு.

கொல்கத்தாவில் என்ன நிலை?

மேற்கு வங்கப் பொது நூலக வலையமைப்பு, பழைய வங்காள நூல்களை ஸ்கேன் செய்து 'டிஸ்பேஸ்' என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் வழியாகப் பொதுமக்களுக்குக் கொடுத்தது. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நூலகமும் டிஸ்பேஸைப் பயன்படுத்தியது. எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து 2002-ல் வெளியிட்ட மென்பொருள் இது. இதற்குள் தேடும் வேலையைச் செய்வது 'அப்பாச்சி சோலர்' என்ற தேடுபொறி.

டிஸ்பேஸுக்கு முன்பு ஜேஎஸ்பியுஐ, எக்ஸ்எம்எல்யுஐ என இரண்டு முகப்புகள் இருந்தன. மேற்கு வங்க நூலகத் தளத்தின் முகவரியிலேயே 'ஜேஎஸ்பியுஐ' என்று இருந்தது. ஆனால் 2021-ல் வந்த டிஸ்பேஸ் 7, இரண்டையும் நீக்கிவிட்டு 'ஆங்குலர்' முகப்பைக் கொண்டுவந்தது. 6-வது பதிப்புக்கான ஆதரவும் 2023-ல் முடிந்துவிட்டது.

இதனால் என்ன பிரச்னை?

புத்தகங்கள் பத்திரமாக இருக்கும். ஆனால் பழைய முகப்பில் செய்த மாற்றங்கள் புதியதற்கு வராது, எல்லாவற்றையும் மறுபடி செய்யணும். மாற்றாமல் விட்டால், பாதுகாப்பு அப்டேட் இல்லாத மென்பொருளில் தளம் ஓடும்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

ஆங்குலர் முகப்பு: டிஸ்பேஸ் குழுவே பராமரிக்கிறது. ஆனால் இதற்கு நோட் ஜேஎஸ் தேவை. பழைய சிறிய சர்வர் திணறலாம்.

வியூஃபைண்ட்: அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உருவானது. பிஎச்பியில் எழுதப்பட்டது, சோலர் மேல் ஓடும். நூலகப் பட்டியல், டிஸ்பேஸ் இரண்டின் விவரங்களையும் திரட்டி ஒரே இடத்தில் தேட வைக்கலாம்.

பிளாக்லைட்: வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. விருப்பம்போல மாற்றலாம். ஆனால் 'ரூபி ஆன் ரெயில்ஸ்' தெரிந்தவர் வேண்டும்.

சொந்த முகப்பு: முடியும்தான். ஆனால் சோலரை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்கவே கூடாது. வெளியாட்கள் பதிவுகளை அழிக்கவும் வழி கிடைத்துவிடும். நடுவில் ஒரு நிரல் நின்று, தேடல் கோரிக்கைகளை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும்.

முகப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. வங்காளத்தில் கீழே புள்ளி வைத்த எழுத்துகள் உண்டு. அவற்றை ஒரே குறியீடாகவும் பதியலாம், எழுத்து தனி, புள்ளி தனி எனவும் பதியலாம். நம்ம தமிழில் 'கொ' என்பதன் கொம்பையும் காலையும் இப்படிப் பிரித்துப் பதிய முடியும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி சோலரில் அமைத்து, அட்டவணையை மறுபடி உருவாக்கணும். புது முகப்பு மட்டும் இதைத் தீர்க்காது.

முடிவெடுக்கும் முன் என்ன செய்யலாம்?

உங்கள் தொகுப்பில் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த பத்து நூல்களை எடுங்க. சோதனைத் தளத்தில், சாதாரண மொபைலில், தாய்மொழியிலும் ஆங்கில எழுத்திலும் தேடிப் பாருங்க. ஆண்டு, ஆசிரியர் வாரியாக வடிகட்ட முடிகிறதா என்றும் பாருங்க.

கடைசியாக ஒரு கேள்வி: இப்போது இதை அமைத்துக் கொடுப்பவர் போன பிறகு, யார் பார்த்துக்கொள்வார்கள்? உங்க ஊழியர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதப்பட்ட, இன்றும் பராமரிக்கப்படும் முகப்பு கொஞ்சம் அழகு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அதையே எடுங்க.