'ஃபுட்ஸ்' என்று சொல்லும் பிள்ளையும் ஆயிரம் ஆண்டு ஆங்கிலமும்



உங்களில் பலருக்கு இப்போது பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலர் தாத்தா, பாட்டியே ஆகிவிட்டீர்கள். 'டூ ஃபுட்ஸ்', 'த்ரீ மவுஸஸ்' என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பத்துத் தடவை எழுதி வரச் சொல்கிறார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். "ஏன் டீச்சர், இந்த வார்த்தை மட்டும் இப்படி இருக்கு?" என்றும் கேட்கிறீர்கள். இதற்கான விடை வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

5ஆம் நூற்றாண்டில் ஆங்கிள்கள், சாக்ஸன்கள் முதலிய மக்கள் வட ஜெர்மனி, டென்மார்க் பகுதிகளிலிருந்து பிரிட்டனில் வந்து குடியேறினார்கள். அவர்கள் பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் பழைய ஆங்கிலம். அதில் பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. சில சொற்களின் கடைசியில் 'அஸ்' சேரும். சிலவற்றில் 'அன்' சேரும். சிலவற்றில் எதுவுமே சேராது. இன்னும் சிலவற்றில் சொல்லின் நடுவே உள்ள உயிரொலியே மாறும்.

நடு உயிர் எப்படி மாறும்? பாதத்துக்கு அவர்களுடைய சொல் 'ஃபோட்'. அதற்கும் முந்தைய காலத்தில் அதன் பன்மை ஏறக்குறைய 'ஃபோட்டி' என்று ஒலித்தது. கடைசி இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே தயாரானதால், நடுவில் இருந்த 'ஓ' மெல்ல 'ஏ' ஆனது. பிறகு அந்த இகரம் தேய்ந்து விழுந்துவிட்டது. மாறிய உயிர் மட்டும் நின்று 'ஃபேட்' ஆயிற்று. அதுதான் இன்றைய 'ஃபீட்'. டூத்–டீத், கூஸ்–கீஸ், மவுஸ்–மைஸ், மேன்–மென் எல்லாம் இதே கதைதான். இவை விதியில்லாத சொற்கள் அல்ல. இவற்றின் விதி செத்துப்போய்விட்டது, சொற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

'ஆக்ஸன்' என்பது பழைய 'அன்' குடும்பத்தின் கடைசி வாரிசு. 'சில்ட்ரன்' கதை இன்னும் வேடிக்கையானது. பழைய பன்மை 'சில்ட்ரு'. அதுவே பன்மை என்பது காலப்போக்கில் மங்கிப்போக, மேலே ஒரு 'ன்' சேர்த்தார்கள். ஆக, அது இரட்டைப் பன்மை. நமக்கு இது புதிதா என்ன? 'அவர்' என்பதே பலர்பால்தான். மரியாதைக்காக ஒருவரையும் 'அவர்' என்று சொல்லத் தொடங்கிய பிறகு, பலரைச் சொல்ல மேலே 'கள்' போட்டு 'அவர்கள்' என்கிறோம்.

'ஷீப்', 'டியர்' இரண்டும் எதுவும் சேராத குடும்பம். நன்னூல் சொல்லும் பால்பகா அஃறிணைப் பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். 'மாடு மேய்ந்தது', 'மாடு மேய்ந்தன' என்பதில் வினைதானே ஒன்றா பலவா என்று காட்டுகிறது?

இத்தனை வழிகளில் 'ஸ்' மட்டும் எப்படி வென்றது? வடக்கே குடியேறிய ஸ்காண்டிநேவியரோடு கலந்து பேசியதில் பழைய விகுதிகள் வேகமாகத் தேய்ந்தன. 1066இல் நார்மன்கள் வென்ற பிறகு வந்த பிரெஞ்சு மொழியிலும் பன்மைக்கு 'ஸ்' இருந்தது, அதுவும் துணையானது. வடக்கில் தொடங்கிய 'ஸ்' மெல்லத் தெற்கே இறங்கியது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு சாட்சி உண்டு. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், 1490இல் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். தேம்ஸில் காற்றுக்காகக் கப்பலில் காத்திருந்த வணிகர்கள் கரையிறங்கி, ஒரு வீட்டுப் பெண்ணிடம் முட்டை கேட்கிறார்கள். வணிகர் சொன்னது 'எக்ஸ்'. அந்த அம்மாளோ, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். எனக்கும்தான் தெரியாது என்று வணிகருக்குக் கோபம். கடைசியில் இன்னொருவர் 'ஐரன்' என்று கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. 'ஐரன்' என்பதும் 'சில்ட்ரன்' போல இரட்டைப் பன்மைதான். இப்போது அது வழக்கிலேயே இல்லை.

அப்படி மறைந்தவை பல. 'புக்' என்பதன் பழைய பன்மை 'பேச்'. நட், கோட், ஓக் மூன்றும்கூட 'ஃபுட்' போல நடு உயிர் மாறிய சொற்களே. 'ஷூ'வுக்கு 'ஷூன்' என்ற பன்மை இருந்தது. இவற்றுக்கெல்லாம் 'ஸ்' போட்டு நேராக்கினார்கள். ஏதோ ஒரு தலைமுறையில் முதன்முதலாக 'புக்ஸ்' என்று சொன்னவர் செய்ததைத்தான் இன்று 'ஃபுட்ஸ்' என்னும் உங்கள் பிள்ளையும் செய்கிறது. கால், பல், ஆள், குழந்தை, எலி, மாடு ஆகியவை தினமும் வாயில் புழங்கிய சொற்கள். அதனால் அவை பழைய உருவிலேயே தங்கிவிட்டன.

1958இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் பறவை போன்ற ஒரு கற்பனை உருவத்தைக் காட்டி, இதன் பெயர் 'வக்' என்றார். இரண்டாக இருந்தால் என்ன என்று கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். உலகத்தில் இல்லாத சொல்லை யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? அப்படியானால் பிள்ளை வெறுமனே கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, விதியையே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. 'ஃபீட்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகூட விதி பிடிபட்டதும் 'ஃபுட்ஸ்' என்று சொல்லும். பிறகு தானே திரும்பிவிடும். அது பின்னடைவு இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பத்துத் தடவை எழுத வைக்காதீர்கள். பிள்ளை 'மை ஃபுட்ஸ்' என்றால், "ஆமாம், உன் ரெண்டு ஃபீட்டும் ஒரே சேறு" என்று சரியான சொல்லை வைத்தே பதில் சொல்லுங்கள். நாற்பது சொற்களை ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காமல், வாரத்துக்கு ஒரு குடும்பம் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் ஃபுட், டூத், கூஸ். அடுத்து மேன், உமன். பிறகு மவுஸ், லவுஸ். சைல்டும் ஆக்ஸும் ஒரு வாரம். ஷீப்பும் டியரும் கடைசியில். ஒரே மாதிரி மாறும் சொற்கள் சேர்ந்தே மனதில் நிற்கும்.

ஏற்கெனவே நோட்டில் சிவப்பு வட்டம் விழுந்திருந்தால், "விதியைச் சரியாகத்தான் பிடிச்சிருக்கே, இது மட்டும் ரொம்பப் பழைய சொல்" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். ஆங்கிலம் என்றாலே பயம் என்று எத்தனையோ பேர் வளர்ந்துவிட்டார்கள். அடுத்த தலைமுறைக்காவது அந்தப் பயம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்