தானுந்து ஒலியமைப்பு

தானுந்து ஒலியமைப்பு என்பது தானுந்தில் வானொலி, இசை முதலியவற்றைக் கேட்பதற்காகப் பொருத்தப்படும் மின்னணுக் கருவிகளின் தொகுதி ஆகும். பேச்சு வழக்கில் இது கார் ஆடியோ, கார் ஸ்டீரியோ என்று அழைக்கப்படுகிறது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட அமைப்பை உரிமையாளர்கள் பின்னர் மேம்படுத்திக்கொள்வது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம் ஆகும். குறைந்த செலவில் இதனைச் செய்யும்போது, கருவிகளின் விலையைவிடப் பணம் எந்த வரிசையில் செலவிடப்படுகிறது என்பதும், கருவிகள் எவ்வாறு பொருத்தப்படுகின்றன என்பதுமே ஒலியின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

வரலாறு

1930 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சிகாகோ நகரில் இயங்கிய கால்வின் உற்பத்தி நிறுவனம், வணிக அடிப்படையில் வெற்றி பெற்ற தொடக்ககாலத் தானுந்து வானொலிகளுள் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அதற்கு இடப்பட்ட மோட்டோரோலா என்னும் வணிகப்பெயரே 1947 இல் நிறுவனத்தின் பெயராகவும் ஆயிற்று. தொடக்ககால வானொலிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. 1955 இல் கிறைசுலர், பில்கோ நிறுவனங்கள் முழுவதும் திரிதடையங்களால் இயங்கும் தானுந்து வானொலியை அறிவித்தன. 1960களில் நாடாக் கருவிகளும், 1984 இல் பயோனியர் நிறுவனத்தின் குறுந்தகட்டுக் கருவியும் தானுந்துக்குள் வந்தன. தற்காலத்தில் கைபேசியும் ஒலிமூலமாகப் பயன்படுகிறது.

கூறுகள்

* தலைமை அலகு: முகப்புப் பலகையில் அமையும் கருவி. ஒலிமூலத்தைத் தெரிவு செய்வதும் ஒலியளவைக் கட்டுப்படுத்துவதும் இதன் பணி. இதனுள் சிறிய மிகைப்பி ஒன்றும் இருக்கும்.
* மிகைப்பி: வழக்கில் ஆம்ப்ளிஃபயர் எனப்படுவது. ஒலிக்குறிப்பலையின் திறனைக் கூட்டுகிறது.
* ஒலிபெருக்கிகள்: மின்குறிப்பலையை ஒலியாக மாற்றுபவை. உயர் அதிர்வெண்களுக்கு டுவீட்டரும், நடு அதிர்வெண்களுக்குக் கதவில் அமையும் கூம்பு ஒலிபெருக்கியும், மிகத் தாழ்ந்த அதிர்வெண்களுக்குச் சப்வூஃபரும் பயன்படுகின்றன.
* மின்வடங்களும் உருகிகளும்: மின்கலத்திலிருந்து மின்னோட்டத்தைக் கொண்டுசெல்பவையும் அதனைக் காப்பவையும் ஆகும்.

திறன் அளவுகள்

தலைமை அலகுகளின் பெட்டியில் 4 × 50 வாட்டு என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பரவலாகக் காணலாம். இந்த எண்ணை எளிய கணக்கால் சோதிக்கலாம். இயந்திரம் ஓடும்போது தானுந்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டு ஆகும். வழக்கமான ஒலிபெருக்கியின் மின்மறுப்பு 4 ஓம். மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிப் பகுதி இல்லாத மிகைப்பி இந்நிலையில் தரக்கூடிய சைன் அலைத் திறனின் கோட்பாட்டு உச்சம் ஏறத்தாழ 26 வாட்டு மட்டுமே. சுற்றில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் தெளிவான ஒலிக்கு 15 முதல் 20 வாட்டு வரை எஞ்சும். அச்சிடப்பட்ட 50 வாட்டு என்பது, அலையின் உச்சிகள் முற்றிலும் வெட்டப்பட்டுச் சதுர அலையாக மாறும்போது கிடைக்கும் அளவாகும். அந்நிலையில் இசையைக் கேட்க இயலாது.

எனவே கருவிகளை ஒப்பிடும்போது உச்சத் திறனை விடுத்து, ஆர்.எம்.எஸ். எனப்படும் தொடர்திறனையே கணக்கில் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 2003 இல் வெளியிடப்பட்ட சி.இ.ஏ.-2006 தரநிலை, 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், உருக்குலைவு 1 விழுக்காட்டிற்கு மிகாத நிலையில் மிகைப்பியின் திறனை அளக்குமாறு கூறுகிறது. இத்தரநிலை பின்னர் சி.டி.ஏ.-2006 என்று பெயர் மாற்றப்பட்டது.

ஒலிபெருக்கியின் உணர்திறனும் இன்றியமையாதது. திறனை இரு மடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். ஆகவே 90 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஒலிபெருக்கி 20 வாட்டில் தரும் ஒலியை, 87 டெசிபெல் உணர்திறன் கொண்டது தர 40 வாட்டு தேவைப்படும். சரியான ஒலிபெருக்கியைத் தெரிவு செய்வதன் மூலம் மிகைப்பிக்கான செலவைக் குறைக்கலாம்.

செலவைத் திட்டமிடல்

பணம் குறைவாக உள்ளபோது பின்வரும் வரிசையில் மேம்படுத்துவது பயன் தரும்:

1. முன்கதவு ஒலிபெருக்கிகள். ஓட்டுநரும் அருகில் அமர்பவரும் கேட்பது பெரும்பாலும் இவற்றையே. பின்புற ஒலிபெருக்கிகளை மாற்றும் செலவைத் தவிர்த்து, அத்தொகையை முன்புறத்திற்குச் செலவிடலாம்.
2. கதவைச் சீரமைத்தல். இது செலவு குறைந்த, ஆனால் மிகுதியும் புறக்கணிக்கப்படும் படி ஆகும்.
3. நான்கு தட மிகைப்பி. இதன் இரு தடங்கள் முன்புற ஒலிபெருக்கிகளை இயக்கும். மற்ற இரண்டையும் ஒன்றிணைத்துப் பின்னாளில் சப்வூஃபரை இயக்கலாம். இரண்டாவது மிகைப்பி வாங்க வேண்டியதில்லை.
4. சப்வூஃபர். மூடிய பெட்டியைக் கட்டுவது எளிது; அளவில் நேரும் சிறு பிழைகள் ஒலியை அதிகம் பாதிப்பதில்லை. துளையுடைய பெட்டி மிகுந்த ஒலி தரும். ஆனால் அதன் கொள்ளளவையும் துளைக்குழலின் நீளத்தையும் துல்லியமாகக் கணக்கிட வேண்டும்.
5. தலைமை அலகு. நன்கு இயங்குமாயின் இதனைக் கடைசியில் மாற்றினால் போதும். பல மிகைப்பிகள் ஒலிபெருக்கி வடத்திலிருந்தே குறிப்பலையை ஏற்கும் வசதி உடையவை.

கதவில் பொருத்துதல்

ஒலிபெருக்கிக் கூம்பின் முன்புறமும் பின்புறமும் எழும் அலைகள் எதிரெதிர்க் கட்டத்தில் அமைகின்றன. கதவுத் தகட்டிலுள்ள பெரிய துளைகளின் வழியாக இவ்விரண்டும் கலந்தால் தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதனாலேயே விலை உயர்ந்த ஒலிபெருக்கியும் சீரமைக்கப்படாத கதவில் மெலிந்து ஒலிக்கிறது. துளைகளை மூடுவதும், அதிர்வைத் தணிக்கும் பியூட்டைல் தாளைத் தகட்டில் ஒட்டுவதும், உறுதியான வளையத்தின் மீது ஒலிபெருக்கியை இறுக்குவதும் இக்குறையை நீக்கும். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை மூடக்கூடாது. மூடினால் மழைநீர் தேங்கித் தகடு துருப்பிடிக்கும். கண்ணாடி முழுவதும் இறங்கும்போது ஒலிபெருக்கியின் காந்தத்தில் இடிக்கிறதா என்பதையும் முன்பே சரிபார்க்க வேண்டும்.

மின்னிணைப்பும் தீப் பாதுகாப்பும்

400 வாட்டு தொடர்திறனும் 80 விழுக்காடு பயனுறுதிறனும் கொண்ட மிகைப்பி முழுத் திறனில் ஏறத்தாழ 36 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 8.4 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டும் 5 மீட்டர் நீளமும் உடைய செப்பு வடத்தில் இம்மின்னோட்டம் ஏறத்தாழ 0.4 வோல்ட்டு இழப்பை ஏற்படுத்தும். மலிவான வடங்கள் பல செப்பு பூசப்பட்ட அலுமினியத்தால் ஆனவை. அவற்றின் மின்தடை அதே தடிப்புள்ள செப்பு வடத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகும். ஆதலால் அவற்றைப் பயன்படுத்துவோர் தடித்த வடத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

மின்கலத்தின் நேர்முனையிலிருந்து 45 செ.மீ. தொலைவுக்குள் முதன்மை உருகி பொருத்தப்பட வேண்டும். இவ்வுருகி மிகைப்பியை அன்றி வடத்தையே காக்கிறது. வடத்தின் காப்புறை தேய்ந்து வண்டியின் உடற்பகுதியைத் தொட்டால் மின்கலம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைத் தரவல்லது. உருகி இல்லையெனில் வடம் பழுத்துத் தீப்பற்றும். உருகியின் அளவு வடம் தாங்கும் மின்னோட்டத்தை மிஞ்சக்கூடாது. வடம் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடங்களில் ரப்பர் வளையம் இடுவது கட்டாயம். செலவைக் குறைக்கும் முயற்சியில் இப்பகுதியை மட்டும் தொடக்கூடாது. வேலையைத் தொடங்குமுன் மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றுவதும், காற்றுப்பைகளின் வடங்களைத் தொடாதிருப்பதும் அடிப்படை விதிகள் ஆகும்.

குறிப்பலை வடத்தை வண்டியின் ஒரு பக்கமும் மின்வடத்தை மறு பக்கமும் கொண்டுசென்றால் இரைச்சல் குறையும். இயந்திரத்தின் வேகத்துடன் ஏறி இறங்கும் சீழ்க்கை ஒலி, பெரும்பாலும் புவியிணைப்புக் குறையால் எழுவதாகும். புவியிணைப்பு வடம் சாயம் சுரண்டப்பட்ட வெற்றுத் தகட்டில் இறுக்கப்பட வேண்டும்.

இசைவுபடுத்தல்

மிகைப்பியிலுள்ள ஈட்டத் திருகு ஒலியளவைக் கூட்டுவதற்கானது அன்று. தலைமை அலகின் குறிப்பலையுடன் மிகைப்பியைப் பொருத்துவதே அதன் பணி. தலைமை அலகை முக்கால் பங்கு ஒலியளவில் வைத்து, உருக்குலைவு தோன்றும் நிலைக்குச் சற்று முன்பாகத் திருகை நிறுத்துவர். முன்புற ஒலிபெருக்கிகளுக்கு 80 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டிச் சப்வூஃபருக்கு அனுப்புவது பொதுவான தொடக்க நிலை ஆகும். தாழ்ந்த ஒலி எதிர்பாராத அளவு மெலிந்திருந்தால், ஒரு ஒலிபெருக்கியின் முனைகள் மாறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

ஓட்டுநருக்கு ஒரு பக்க ஒலிபெருக்கி மறுபக்கத்தைவிட 60 செ.மீ. அருகில் இருந்தால், அதன் ஒலி ஏறத்தாழ 1.75 மில்லிநொடி முன்னதாகக் காதை அடையும். அதனைத் தாமதப்படுத்தும் வசதி பல தலைமை அலகுகளில் உள்ளது.

செவிநலமும் சாலைப் பாதுகாப்பும்

அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத்திற்கான தேசிய நிறுவனம் 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை கேட்பதை வரம்பாகப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் இந்நேரம் பாதியாகக் குறையும்; 100 டெசிபெல்லில் 15 நிமிடமே எஞ்சும். மூடிய தானுந்துக்குள் இவ்வளவை எட்டுவது கடினமன்று. மேலும் மிகுந்த ஒலி, நோயாளர் ஊர்தியின் சங்கொலியையும் பிற வண்டிகளின் ஒலிப்பானையும் ஓட்டுநருக்குக் கேளாமல் மறைத்துவிடும். குறைந்த ஒலியளவிலும் சொற்களும் இசைக்கருவிகளும் தெளிவாகக் கேட்பதே நல்ல ஒலியமைப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.