பொம்பேயின் சிவப்பு

வரவேற்பறைக்கு மஞ்சள் பூசுவதா, செங்காவி பூசுவதா என்று வீட்டில் விவாதம் எழுந்தபோது நான் செங்காவியின் பக்கம் நின்றேன். பொம்பேய் நகரத்து உரோமர்கள் தமது அறைகளுக்கு அதையே விரும்பினார்கள் என்பது எனது வாதம். கலைப்பட்டதாரி என்ற செருக்கு வேறு!

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த நகரம் பொம்பேய். 1748இல் அகழ்வு தொடங்கியபின் வெளிப்பட்ட சுவர்களின் ஆழ்ந்த சிவப்பு ஐரோப்பியரை மயக்கியது. 'பொம்பேயச் சிவப்பு' என்று பெயரிட்டுத் தமது மாளிகைகளிலும் பூசிக்கொண்டார்கள்.

ஆனால், 2011இல் இத்தாலிய ஆய்வாளர் செர்ஜியோ ஒமரினி வெளியிட்ட முடிவு என் வாதத்தை ஆட்டங்காணச் செய்தது. அவர் கணக்கிட்ட சுவர்களில் இன்று சிவப்பாகத் தெரிபவை 246, மஞ்சளாகத் தெரிபவை 57. ஆதியிலோ சிவப்பு 165, மஞ்சள் 138. எஞ்சிய 81 சுவர்களையும் சிவக்க வைத்தவை எரிமலையின் வெப்ப வாயுக்களே. மஞ்சட்காவியிலுள்ள இரும்புச் சேர்மம் சூடேறும்போது தன்னுள் பிணைந்த நீரை இழந்து செங்காவியாகிறது. செங்கற்சூளையில் மண் சிவப்பதும் ஏறத்தாழ இவ்வாறுதான்.

செல்வந்தர் விரும்பிய சிவப்பு விலையுயர்ந்த சாதிலிங்கம். பபேரியஸ் என்னும் எழுத்தர் உரோமில் தமது வீட்டின் திறந்த முற்றத்துச் சுவர்களுக்கு அதைப் பூசுவித்தார். முப்பது நாட்களில் நிறம் கெட்டு, வேறு வர்ணம் பூச நேர்ந்ததாக விட்ருவியஸ் எழுதியுள்ளார். மஞ்சட்காவியோ மலிவானது, வெயிலுக்கு அஞ்சாதது.

இதையெல்லாம் நான் படித்தறிந்தபோது செங்காவி இரண்டாம் பூச்சும் காய்ந்திருந்தது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.