நீண்டகாலக் கொவிட்டும் தசைவலுப் பயிற்சியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டை முன்வைத்து

கொவிட் தொற்றி 3 மாதங்கள் கழிந்த பின்னும் காணப்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறெந்த நோயாலும் விளக்கமுடியாத களைப்பு, மூச்சுத்திணறல், நினைவுத் தடுமாற்றம் முதலியவற்றை உலக சுகாதார ஸ்தாபனம் 2021 ஒக்டோபரில் தனி நோய்நிலையாக வரையறுத்தது. தசைவலுப் பயிற்சி இதற்குப் பொதுமருந்து அன்று. நோயாளரை முதலில் வகைபிரித்து, அவருடைய அன்றாட உடலுழைப்பையும் பயிற்சியின் அளவில் சேர்த்துக் கணித்தால் மட்டுமே அது குடாநாட்டில் பயன்தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பயிற்சிக்குச் சார்பான சான்று வலுவானது. கடும் நோயாளரின் தொடைத்தசைக் குறுக்குப்பரப்பு அதிதீவிர சிகிச்சையின் முதல் 10 நாள்களில் ஏறத்தாழ 18 வீதம் சுருங்குவதை 2013இல் வெளியான இலண்டன் ஆய்வு காட்டியது. இழந்த தசை ஓய்வினால் மட்டும் மீள்வதில்லை. கொவிட்டுக்குப் பின் 3 மாதம் தசைவலுப் பயிற்சி செய்தவர்களின் நடைத்திறன் கூடியதாக 2025இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வும் கூறுகிறது.

எதிர்ச்சான்றையும் ஒதுக்கமுடியாது. 2024இல் வெளியான அம்ஸ்ரர்டாம் ஆய்வு, உழைப்புக்குப்பின் நோய் மோசமடையும் 25 பேரை ஆராய்ந்தது. கடும் சைக்கிள் பயிற்சியின் பின் அவர்களுடைய தசைகளில் சிதைவு அதிகரித்திருந்தது. இத்தகைய மோசமடைதல் பெரும்பாலும் உடனே தெரிவதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படுக்கையில் வீழ்த்தும். நாட்காட்டியைப் பார்த்துச் சுமையைக் கூட்டும் முறை இவர்களுக்குத் தீங்கானது.

இவ்விரு சான்றுகளும் முரண்படுவதாகத் தோன்றுவது வெவ்வேறு நோயாளரை ஒருவராக எண்ணுவதால்தான். ஆகவே, உழைத்தபின் வரும் இரு நாள்களின் நிலையை விசாரித்தல், 10 நிமிடம் நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 துடிப்புகளுக்கு மேல் கூடுகிறதா எனப் பார்த்தல், கதிரையிலிருந்து எழுந்து அமரும்போது ஒட்சிசன் அளவு இறங்குகிறதா எனக் கவனித்தல் ஆகியன பயிற்சிக்கு முந்திய கடமைகள். விலையுயர்ந்த கருவி எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை.

நாள்முழுதும் அமர்ந்து வேலைசெய்பவரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பயிற்சித்தாள் வலிகாமத்துத் தோட்டக்காரருக்குப் பொருந்தாது. வெங்காயத் தறையில் இறைப்பு நாளன்று அவர் மண்வெட்டியுடன் குனிந்து நிமிர்வதே பெருஞ்சுமை. வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுப்பவருக்கும், கிணற்றில் அள்ளித் துவைக்கும் பெண்ணுக்கும் இதுவே உண்மை. அந்த நாள்களில் பயிற்சியை நிறுத்தவேண்டும்; ஓய்ந்த நாளில் கதிரையிலிருந்து எழும் சில முறைகளும் இறப்பர் பட்டியும் போதும். அடுத்த இரு நாள்கள் நலமாகக் கழிந்தாலே அளவைக் கூட்டலாம். மோசமடைவோருக்கு உழைப்பைப் பங்கிட்டு ஓய்வெடுக்கும் முறையே முதற்சிகிச்சை.

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளும் இதற்கு இயல்பான களங்கள். செயற்கைக் கால் பொருத்தியவரை மீண்டும் தொழிலுக்கு அனுப்பிய புனர்வாழ்வு மரபும் இம்மண்ணுக்கு உண்டு. யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் அப்பணியைச் செய்துவருகிறது. வலுவை மட்டும் அளவாமல், திரும்பவேண்டிய தொழிலையும் அளந்து சிகிச்சையை வகுத்த அந்த அணுகுமுறையே இங்கும் வேண்டும். இயன்மருத்துவர் எழுதும் முதற்குறிப்பில் நோயாளரின் வாராந்த வேலை அட்டவணை இடம்பெறட்டும். பயிற்சியின் அளவு அதிலிருந்து பிறக்கட்டும்.