முயலின் காதிலிருந்து ஓடை வண்டல் வரை: நிலக்கரித் தாரின் 90 ஆண்டுகள்

1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்போருக்கு வரும் விரைப்பைப் புற்றைப் புகைக்கரியோடு தொடர்புபடுத்தினார். 1915இல் டோக்கியோவில் யமாகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதுகளில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினர். 1933இல் லண்டன் ஆய்வாளர்கள் தாரிலிருந்து பென்சோபைரீனைப் பிரித்தெடுத்தனர். பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்னும் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்த அது, புற்றுநோயைத் தூண்டுவது.

இவ்வளவும் அறியப்பட்ட பின்னரும், கல்கரி உலைகளின் துணைவிளைபொருளான அதே தார் அமெரிக்காவில் வாகன நிறுத்துமிடங்களுக்கும் வீட்டு முன்பாதைகளுக்கும் கருநிற மேற்பூச்சாக விற்கப்பட்டது. டயர்கள் உராய்ந்து அப்பூச்சு தூளாகிறது. மழைநீர் அத்தூளை ஓடைகளில் சேர்க்கிறது. காலணிகளில் ஒட்டி அது வீட்டுக்குள்ளும் நுழைகிறது.

டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகர அலுவலர்கள், ஓடை வண்டலில் இச்சேர்மங்கள் மிகுந்திருக்கக் கண்டு, அருகிலிருந்த வாகன நிறுத்துமிடங்களை ஐயுற்றனர். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பார்பரா மாலர், பீட்டர் வான் மீட்டர் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அந்த ஐயத்தை உறுதிசெய்தது. தார்ப்பூச்சுத் தரைகளிலிருந்து கழுவி வந்த துகள்களில் இச்சேர்மங்களின் சராசரிச் செறிவு, பூசப்படாத தரைகளில் இருந்ததைப் போல் 65 மடங்கு. 2006இல் ஆஸ்டின் தடை விதித்தது. அமெரிக்க நகரங்களுள் அதுவே முதலாவது. 2011இல் வாஷிங்டன் மாநிலம் பின்தொடர்ந்தது.

டோக்கியோ சோதனைக்கும் ஆஸ்டின் ஆய்வுக்கும் இடையே 90 ஆண்டுகள். தாரின் தீங்கு அக்காலமெல்லாம் தொழிலாளர் நோயாகவே எண்ணப்பட்டது. ஆலைக்குள் ஆபத்தானது வாசலிலும் ஆபத்தானதே என்பதை நிறுவ, ஒருவர் ஓடை வண்டலை அள்ளி அளக்க வேண்டியிருந்தது.