பம்பாய்ப் பிளேக்கும் ஆட்சியாளர் தெரிவுகளும் (1896-1898)

கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் உடல்நலத்தைக் காப்பதா, வாணிகமும் தொழிலும் முடங்காமல் பார்ப்பதா என்னும் வினா 2020ஆம் ஆண்டின் கோவிட் பெருந்தொற்றின்போது நாடெங்கும் எழுந்தது. இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள், ஒன்று உயர மற்றொன்று தாழும் என்று கொண்டே அவ்விவாதம் பெரும்பாலும் நடைபெற்றது. இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதைப் பம்பாய் மாகாணத்தில் 1896இல் பரவிய பிளேக் நோயை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை அடுத்து தானியக் கிடங்குகள் நெருங்கியிருந்த மாண்ட்வி பகுதியில் மருத்துவர் அகாசியோ வீகாஸ் இந்நோயை அடையாளம் கண்டார். நோய்க்கிருமி இரண்டாண்டுகளுக்கு முன்னரே ஹாங்காங்கில் கண்டறியப்பட்டிருந்தது. எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியே அதனைப் பரப்புகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் 1898இல் கராச்சியில்தான் உணர்த்தினார். அதுவும் உடனே ஏற்கப்படவில்லை. ஆகவே, அதிகாரிகள் சாக்கடைகளைக் கழுவினர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். நோயாளியின் துணிமணிகளை எரித்தனர். எலிகளோ வீடுவிட்டு வீடு பெயர்ந்தன.

அவ்வாண்டு அக்டோபர்த் தொடக்கத்தில் நகராட்சி ஆணையர் ஸ்னோ, நோயாளிகளைக் கட்டாயமாக மருத்துவமனைக்கு அகற்ற ஆணையிட்டார். அம்மாத இறுதியில் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆயிரவர் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். ஆணை தளர்த்தப்பட்டது. இதற்கு ஸ்னோ கூறிய காரணம் கருதத்தக்கது. கழிவகற்றும் தொழிலாளர் அஞ்சி ஓடிவிட்டால் நகரம் வாழத் தகுதியற்றதாகிவிடும் என்பதே அவரது அச்சம். இங்கு உடல்நலமும் தொழிலும் எதிரெதிர்த் தட்டுகளில் இல்லை; இரண்டும் மிகக் குறைந்த கூலி பெற்ற ஒரே கூட்டத்தாரின் தோள்களில் இருந்தன.

1897 பிப்ரவரிக்குள் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறியதாக அக்கால மதிப்பீடுகள் குறிக்கின்றன. மாதக் கூலியைப் பிடித்துவைத்துப் பின்னர் வழங்கிவந்த ஆலை முதலாளிகள் அன்றாடக் கூலி தர முன்வந்தனர். தெருமுனைகளில் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஆள் பிடித்தனர். தொழிலாளர் நெடுநாள் கேட்டும் கிடைக்காத ஒன்றை நோய் சில மாதங்களுக்கு வாங்கித் தந்தது. 1891இல் 8,21,764 ஆக இருந்த பம்பாயின் மக்கள்தொகை 1901இல் 7,76,006 ஆகக் குறைந்தது.

அரசின் கடுமை உச்சம் பெற்றது அதன் பின்னரே. இதன் காரணத்தைப் பம்பாய்க்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. இந்தியச் சரக்குகளுக்கும் பயணிகளுக்கும் தம் துறைமுகங்களை அடைக்க ஐரோப்பிய நாடுகள் முற்பட்டன. 1897 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெனிஸ் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. அதற்குச் சில நாட்கள் முன்னர், பிப்ரவரி 4ஆம் நாள், கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. பம்பாயிலிருந்து ஹஜ் பயணம் செல்வதும் அவ்வாண்டு தடுக்கப்பட்டது. உடல்நலத்தின் பெயரால் நிகழ்ந்த வன்முறையைப் பெருமளவு இயக்கியது ஏற்றுமதி வாணிகம் பற்றிய கவலையே என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

புனேயில் பிளேக் குழுவின் தலைவராயிருந்த ராண்ட், வீடுகளைச் சோதிக்கப் படைவீரரை ஏவினார். பூசையறையும் அடுக்களையும் தப்பவில்லை. பெண்கள் அவமதிக்கப்பட்டனர் என்றும் பொருள்கள் களவுபோயின என்றும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. (தமிழில் கொள்ளை என்னும் சொல் சூறையையும் பெருவாரி நோயையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு நினைவுக்கு வருகிறது.) திலகர் தடுப்பு நடவடிக்கை முழுவதையும் எதிர்த்தவரல்லர். நகரைவிட்டு அகலாது தங்கி, இந்துக்களுக்கென ஒரு பிளேக் மருத்துவமனை அமையப் பாடுபட்டார். படைவீரரின் செயலையே 'கேசரி'யில் கண்டித்தார். அதே நகரில் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய சாவித்திரிபாய் புலே அந்நோய் தொற்றி 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். ஜூன் 22ஆம் நாள் விக்டோரியா அரசியின் வைரவிழாவிலிருந்து திரும்பிய ராண்டைச் சாபேகர் சகோதரர் சுட்டனர். உடன்வந்த அயர்ஸ்டும் பலியானார். திலகர் அரசநிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டுப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். இங்கிலாந்தில் படைவீரர்மீது குற்றஞ்சாட்டிய கோகலே, சான்று காட்ட இயலாமல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. நோயைத் தடுக்கும் முறைபற்றிய கருத்து வேறுபாடு இவ்வாறு அரசியல் குற்றமாக்கப்பட்டது.

1898 மார்ச்சில் பம்பாயில் மீண்டும் கலவரம் மூண்டது. அதன்பின் அரசு படிப்படியாகக் கட்டாயத்தைத் தளர்த்தி, ஹாஃப்கின் உருவாக்கிய தடுப்பூசியை விரும்பியவர்க்குப் போடும் முறைக்குச் சாய்ந்தது. தளர்வே உயிர்களைக் காத்தது என்று இதனைக் கொண்டு முடிவுகட்டலாகாது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியர் பிளேக்கால் மாண்டனர். முன்னைய கடுமையும் பின்னைய தளர்வும் நோயின் போக்கைவிட ஆட்சிக்கு நேர்ந்த நெருக்கடிகளையே பெரிதும் ஒட்டியிருந்தன.

1897ஆம் ஆண்டுச் சட்டம் நான்கே பிரிவுகளில் அமைந்தது. அரசுக்கு ஏறத்தாழ வரம்பற்ற அதிகாரம், மீறுவோர்க்குத் தண்டனை, நல்லெண்ணத்தோடு செயற்படும் அதிகாரிகளுக்கு வழக்கிலிருந்து காப்பு. வேலையிழப்பவர்க்கு உணவோ கூலியோ வழங்கும் கடமைபற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அச்சட்டத்தையே 2020 மார்ச்சில் பல மாநில அரசுகள் பயன்படுத்தின. ஏப்ரலில் அவசரச் சட்டத்தின் வழியாகவும் செப்டம்பரில் நாடாளுமன்றத்திலும் அது திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்குக் கடுந்தண்டனை சேர்க்கப்பட்டது. இத்திருத்தத்திலும் கூலிபற்றிய பிரிவு இடம்பெறவில்லை. ஊரடங்குக் காலத்துக்கு முழு ஊதியம் தருமாறு மார்ச் 29ஆம் நாள் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நடுவணரசு பிறப்பித்த ஆணை, புலம்பெயர் தொழிலாளர் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்தபோதே, மே 18ஆம் நாள்முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது.