சூபாவில் எரிந்த பத்திரங்களும் கராடியின் கணக்கறிக்கையும்

சென்ற மாதம் புனேயில் ஆவணக் காப்பகப் பணி முடிந்த ஒரு மாலையில், கராடியில் வசிக்கும் பழைய கல்லூரி நண்பர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். இயான் ஐடி பூங்காவுக்கு அருகில் வாடகைக் குடியிருப்பு. பேச்சு வெகுநேரம் ஊர்ச் செய்திகளிலேயே சுற்றியது. கிளம்பும் வேளையில்தான் தயங்கித் தயங்கித் தன் கைப்பேசியை நீட்டினார். கடன் அட்டையின் மாதாந்தரக் கணக்கறிக்கை. நிலுவை ஏறத்தாழ 3,00,000 ரூபாய். "நீ பழைய கடன் பத்திரங்களைத்தானே படிக்கிறாய், இதையும் ஒருமுறை படித்துச் சொல்" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அன்றிரவு நான் படித்ததும், அதன்பின் எண்ணியதுமே இப்பதிவு.

கராடி இன்று கண்ணாடிக் கோபுரங்களின் பகுதி. 1990-களின் பிற்பகுதியில் புனே மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை அது ஹவேலி வட்டத்துச் சிற்றூர். அதன் வழியே செல்லும் நகர் சாலையில் கிழக்கே போனால் வாகோலி, கோரேகாவ் பீமா, பிறகு சிரூர் வரும். சிரூர் வட்டத்தில் கர்டே என்றொரு கிராமம் உண்டு. தக்காணக் கலவரங்கள் என வரலாற்று நூல்கள் குறிப்பிடும் 1875-ஆம் ஆண்டு நிகழ்வுகளின் முன்கதை அக்கிராமத்தில் தொடங்குகிறது. 1874 டிசம்பரில் காலூராம் என்ற சாவுகார், பாபாசாகேப் தேஷ்முக் என்பவர் மீது 150 ரூபாய்க் கடனுக்காகப் பெற்ற தீர்ப்பாணையைக் கொண்டு அவரை வீட்டைவிட்டு வெளியேற்ற முனைந்தார். ஊர் திரண்டு சாவுகார்களைப் புறக்கணித்தது. அவர்கள் கடையில் எவரும் பொருள் வாங்கவில்லை. நாவிதரும் சலவைத் தொழிலாளரும் அவர்களுக்கு வேலை செய்ய மறுத்தனர்.

ஐந்து மாதம் கழித்து, 1875 மே 12 அன்று, பீம்தடி வட்டத்துச் சூபாவில் சந்தை கூடிய நாளில் புறக்கணிப்பு வேறு வடிவம் கொண்டது. (இந்தச் சூபா இன்றைய பாராமதி வட்டத்தில் உள்ளது. அகமத்நகர் சாலையில் தொழிற்பேட்டையாக அறியப்படும் சூபாவோடு இதைக் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் ஆண்டுதோறும் உண்டு.) சுற்றுவட்டக் குடியானவர்கள் சாவுகார்களின் வீடுகளையும் கடைகளையும் சூழ்ந்துகொண்டு கடன் பத்திரங்களையும் கணக்குப் பேரேடுகளையும் கேட்டு வாங்கித் தீயிட்டனர். கலவரம் புனே, அகமத்நகர் மாவட்டங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பரவிற்று. படை வந்தது, 951 பேர் கைதாயினர். எனினும் உயிர்ச்சேதம் ஏற்படுத்துவது கூட்டத்தின் நோக்கமாக இருக்கவில்லை. பத்திரங்கள் கைக்கு வந்த இடங்களில் கூட்டம் பெரும்பாலும் கலைந்தே போயிற்று. அவர்கள் தேடியது பணத்தையன்று, தாளை. இதை நாம் பலமுறை எழுதியும் கற்பித்தும் இருக்கிறோம்; ஆயினும் ஏன் தாள் என்ற கேள்வியை அவசரமாகக் கடந்துவிடுகிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பருத்தியின் கதை அனைவரும் அறிந்ததே. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. தக்காணத்தில் பருத்தி விதைத்த ஒவ்வொரு ஏக்கருக்கும் 100 ரூபாய் முன்பணம் கிடைத்ததாகப் பதிவு உள்ளது. கேளாமலே கடன் வந்த காலம் அது. 1865-இல் போர் முடிந்தது, விலை சரிந்தது, முன்பணம் நின்றது. அதே ஆண்டுகளில் நிலவரித் திருத்தம் பல ஊர்களில் வரியை 50 முதல் 100 விழுக்காடு வரை உயர்த்தியது. வருவாய் சுருங்கியபோது கடனின் தேவை பெருகியது.

அதிகம் பேசப்படாதது சட்டத்தின் பங்கு. மூன்று சட்டங்களைச் சேர்த்துப் படிக்கவேண்டும். 1855-ஆம் ஆண்டின் சட்டம் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. 1859-இன் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பத்திரத்தைக் காட்டினால் விரைந்து தீர்ப்பாணை பெறும் வழியைத் திறந்தது. குடியானவர் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வராமையால் ஒருதலைத் தீர்ப்புகள் குவிந்தன. அதே 1859-இல் வந்த காலவரையறைச் சட்டமோ கடனாளியைக் காக்கவே இயற்றப்பட்டது. பத்திரம் மூன்றாண்டுக்குமேல் செல்லாது எனில் வட்டி அளவின்றிப் பெருகாது என்று சட்டமியற்றியோர் கருதினர். நடந்தது நேர்மாறு. மூன்றாண்டு முடியுமுன் சாவுகார் புதுப் பத்திரம் எழுதச் சொன்னார். பழைய முதலும் கொடுபடாத வட்டியும் சேர்ந்து புதுப் பத்திரத்தின் முதலாயிற்று; அதன்மீது மீண்டும் வட்டி ஓடியது. காப்பதற்கு வந்த சட்டமே வட்டியை முதலாக்கும் எந்திரமாக மாறிய இந்நிகழ்வு, பொருளியல் வரலாற்றில் நான் அறிந்த மிகத் துயரமான நகைமுரண்களுள் ஒன்று.

மேற்கிந்தியாவில் தாம்துபட் என்றொரு பழைய இந்துச் சட்ட நெறி வழக்கில் இருந்தது: ஒரே நேரத்தில் வசூலிக்கும் வட்டி நிலுவை முதலை விஞ்சக்கூடாது. பம்பாய் நீதிமன்றங்கள் இதைக் காலனிய ஆட்சியிலும் ஏற்றன. ஆனால் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் வட்டி முதலாகிவிட்டால், இந்நெறி தீண்டுவதற்கு வட்டி ஏது? 100 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வட்டி கணக்கிடப்பட்ட நேர்வொன்றைத் தக்காணக் கலவர ஆணையம் பதிவுசெய்துள்ளது. நெறி மீறப்படாமலேயே இது நடக்கக்கூடும் என்பதே கவனிக்கத்தக்கது. எனவே குடியானவர் தாளை எரித்தது அறியாமையாலன்று. கடனின் வரலாற்றை மறைத்துவிட்டுக் கடனின் இறுதித் தொகையை மட்டும் பேசும் பொருள் அந்தத் தாள் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

இதற்கு மறுப்பும் உண்டு. நீல் சார்ல்ஸ்வொர்த் 1972-இல் எழுதிய கட்டுரை இக்கலவரங்களைப் பெருஞ்சித்திரமாக வரைவதே ஒரு தொன்மம் என்றது. பரப்பிலும் விளைவிலும் அவை சிறியவை என்பது அவர் வாதம். ரவீந்தர் குமாரின் 1968 நூல் கிராமச் சமூக உறவுகளின் முறிவை முன்னிறுத்தியது. இவ்விவாதத்தில் எனக்குச் சார்ல்ஸ்வொர்த்தின் எச்சரிக்கை பிடிக்கும். ஆனால் கலவரம் சிறிதாயினும் அது உண்டாக்கிய சட்டம் சிறிதன்று. அரசின் வரி காரணமன்று என ஆணையம் முடிவு கூறியதை அப்படியே ஏற்கவேண்டியதில்லை. பழியைச் சாவுகார்மேல் சுமத்துவது அரசுக்கு வசதியாகவும் இருந்தது.

1879-இன் தக்காண விவசாயிகள் துயர்துடைப்புச் சட்டத்தின் 12, 13-ஆம் பிரிவுகளை ஆய்வு மாணவர்கள் மூலத்திலேயே படிக்கவேண்டும். கடனாளி கேளாவிட்டாலும், பத்திரத்தில் எழுதியிருப்பதை ஒதுக்கிவைத்து, கொடுக்கல்வாங்கல் தொடங்கிய நாளிலிருந்து கடனின் வரலாற்றை நீதிமன்றம் விசாரிக்கவேண்டும் என்கிறது 12. முதலுக்கு ஒரு கணக்கு, வட்டிக்கு வேறொரு கணக்கு எழுதவேண்டும். கணக்கு முடித்த நாளிலோ ஒப்பந்தத்தாலோ முதலாக்கப்பட்ட வட்டியை, தக்க காரணமின்றி, முதற்கணக்கில் சேர்க்கக்கூடாது என்கிறது 13. அதாவது நீதிபதி வரலாற்றாசிரியராகவும் வேலை செய்யவேண்டும். சட்டத்தின் பயன் பற்றிப் பெருமை கொள்ள இடமில்லை. சாவுகார்கள் அடமானத்துக்குப் பதிலாகக் கிரயப் பத்திரமே எழுதி வாங்கத் தொடங்கினர். கடனும் எளிதில் கிடைக்காமற் போயிற்று. எனினும் விவசாயியைக் கடனுக்காகச் சிறையிலிடும் வழக்கத்தை அச்சட்டமே நிறுத்தியது.

தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமானது 1938-இன் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். இராஜாஜி அமைச்சரவை இயற்றியது. பழைய தாம்துபட் நெறியின் ஓட்டையை இது அடைத்தது என்பேன். அந்நெறி 'ஒரே நேரத்தில்' நிற்கும் நிலுவையை மட்டும் பார்த்தது. மாதந்தோறும் வட்டி கட்டியவருக்கு அதனால் பயனில்லை. 1938 சட்டத்தின் 8-ஆம் பிரிவோ, 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில், முதலாகவோ வட்டியாகவோ இதுவரை கட்டியது எல்லாம் சேர்ந்து முதலின் இருமடங்கை எட்டியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்தது என்றது. பத்திரம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டிருந்தாலும் முதலில் கைக்கு வந்த தொகையே முதல். 1940-இல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் இச்சட்டம் எதிர்கொண்ட வழக்கைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். சட்டமன்ற அதிகாரக் கோட்பாட்டுக்காகத்தான் படிக்கிறார்கள். கடன்பட்டவர்களை அங்கே யாரும் நினைவுகூர்வதில்லை.

இனி நண்பரின் கணக்கறிக்கை. வட்டி மாதத்துக்கு 3.5 விழுக்காடு, ஆண்டுக்கு 42. அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி. 3,00,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 10,500, வரி 1,890, ஆக 12,390. அவர் கட்டவேண்டிய குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 15,000. கடன் குறைவது 2,610 மட்டுமே. புதிதாக ஒரு ரூபாயும் செலவழிக்காமல் ஓராண்டு இவ்வாறே கட்டிவந்தால், ஏறத்தாழ 1,71,500 ரூபாய் கைவிட்டுப்போகும்; கடன் ஏறத்தாழ 30,000 குறையும். நிலுவை இருக்கும்வரை புதுச் செலவுக்கு வட்டியில்லாத் தவணையும் கிடையாது. குறைந்தபட்சத் தொகை கட்டினாலும் கடன் பெருகும்படி விதிமுறைகள் அமையக்கூடாது என்றும், கட்டப்படாத கட்டணங்களையும் வரிகளையும் முதலாக்கக்கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறை கூறியது. வட்டி முதலாவதைப் பற்றியோ 2001-இல் உச்ச நீதிமன்ற அரசியல்சாசன அமர்வு, ரவீந்திரா வழக்கில், ஒப்புக்கொண்ட இடைவெளிகளில் வங்கி அவ்வாறு செய்வதை ஏற்றது.

1875-ஐப் படித்தவருக்கு மிகவும் பழக்கமான காட்சி இன்னொன்று. இரண்டாண்டுக்கு முன் நண்பர் நிலுவையின் ஒரு பகுதியைத் தவணைக் கடனாக மாற்றியிருந்தார். அன்றுவரை சேர்ந்த வட்டியும் வரியும் புதுத் தவணைக் கடனின் முதலாகிவிட்டன. கைரேகைக்குப் பதில் ஓடிபி.

1879-இல் நீதிமன்றத்துக்குக் கடமையாக்கப்பட்டதை 1984-இல் சட்டம் விலக்கியது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த 21A பிரிவு, வட்டி மிகை என்ற காரணத்துக்காக வங்கிக்கும் கடனாளிக்கும் இடையிலான கொடுக்கல்வாங்கலை எந்த நீதிமன்றமும் மீளத் திறக்கலாகாது என்கிறது. விவசாயக் கடனல்லாதவற்றில் மாநிலக் கடன் நிவாரணச் சட்டங்களுக்கும் மேலாக நிற்கிறது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம் கடன் அட்டைக்கு ஆண்டு வட்டி 30 விழுக்காட்டைத் தாண்டுவது நேர்மையற்ற வணிகமுறை என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 டிசம்பர் 20 அன்று முற்றாக நீக்கியது. நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லவேண்டும்: அடமானமற்ற கடனில் இழப்பின் அபாயம் பெரிது என்ற வங்கிகளின் வாதம் வெற்றுப் பேச்சன்று. சாவுகாரும் அதையே சொன்னார்; வறண்ட தக்காணத்தில் அதில் உண்மையும் இருந்தது.

நண்பரின் பெரிய அச்சம் சிறை. வசூல் முகவர் ஒருவர் தொலைபேசியில் அப்படி மிரட்டியிருந்தார். கட்ட வழியற்ற நேர்மையான கடனாளியைச் சிறைவைக்க முடியாது என 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் எழுதியதை விளக்கினேன். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியையும் காட்டினேன். அவர் முகம் சற்றுத் தெளிந்தது. அவர் மனைவிக்கே இக்கடன் தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. கர்டேயில் கடன் ஊரறிந்த செய்தியாக இருந்தது. ஆகவே ஊர் கூடிப் புறக்கணிக்க முடிந்தது. பதினான்காம் தளத்தில், ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் எத்தனை பேர் இதே அறிக்கையை வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றிரவு 32 மாத அறிக்கைகளையும் பதிவிறக்கி, 13-ஆம் பிரிவின் முறைப்படி இரண்டு பத்திகளாக எழுதினோம். அவர் உண்மையில் செலவழித்தது 4,10,000 ரூபாய். இதுவரை கட்டியது 4,36,000. இன்னும் நிலுவை 3,00,000. 1938-இன் அளவுகோலை அப்படியே வைத்தாலும் இருமடங்கை அவர் இன்னும் எட்டவில்லை என்பதையும் சொன்னேன். இதே வேகத்தில் போனால் எட்டிவிடுவார். தாளை நெடுநேரம் பார்த்திருந்தவர், இந்தக் கணக்கை எந்த நீதிமன்றத்தில் கொடுக்கலாம் என்று கேட்டார். 21A பிரிவைத் திறந்து காட்டினேன். படித்துவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலையில் மனைவியிடம் முதலில் இதைக் காட்டப்போவதாகச் சொன்னார்.